கைபட்டவர்

இந்தப் பூமியில் மனிதர்கள் குடியிருக்கத் தகுந்த பெருநகரம் ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் அங்கே போய்ச் சேர வண்டி மாறும் இடங்கள். இது அபிப்பிராயம் அல்ல, முடிவு. மறுபரிசீலனைக்கு இடமில்லை.

இந்த முடிவுக்கு வந்தவன் இருபத்து நான்கு வயது இளைஞன். அந்த நகரத்தில் பிறந்தது தவிர அவனிடம் வேறு ஆதாரம் கிடையாது, தேவையும் படவில்லை. கடலோரத்தில் இருக்கும் அந்த ஊரை விட்டு, மேட்டு நிலத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த அன்று தன் ஊர்ப் பெருமையைத் தொடங்கியவன் இன்னும் கமா கூடப் போடவில்லை. அலுவலகத்தில் அவனுக்குத் 'தூதர்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். அவன் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டான்.

இரண்டு ஊருக்கும் இடையே ஒரு ராத்திரி ரயில் தூரம். பகைதான் பரம்பரைச் சொத்து. மேட்டு ஊர்க்காரன் சிரித்தால் குளிரில் பல் நடுங்குகிறது என்று அர்த்தம் என்பார்கள் கடலோரத்தில். கடலோரத்தில் எவனும் தூங்குவதில்லை, பேசி முடித்தால்தானே தூங்க என்பார்கள் இங்கே. ஜனத்தொகைக் கணக்கு வரும்போது, எந்த ஊர் பெரிசு என்ற வீம்பில், இரண்டு ஊரும் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் சேர்த்து எண்ணும்.

தூதர் வேலை பார்ப்பது ஒரு லிஃப்ட் கம்பெனியில். லிஃப்ட்டுக்குள் மணிப் படம் போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்குமே, நடுவில் மாட்டிக்கொண்டால் அழுத்துவது, அதை அழுத்தினால் பேசும் குரல் அவனுடையது. முன்பு இரண்டு ஊருக்கும் தனித்தனி அறை இருந்தது. சிக்கனம் என்று சொல்லிக் கடலோர அறையை மூடி, அங்கிருந்த நாற்காலிகளையும் தூதரையும் இங்கே அனுப்பி வைத்தார்கள். நாற்காலிகள் சீக்கிரம் பழகிவிட்டன.

இப்போது இரண்டு ஊர் லிஃப்ட்டுகளும் இந்த ஓர் அறைக்குத்தான் வந்து அலறும். திரையில் கட்டடத்தின் எண் தெரியும், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று ஒரு பச்சை விளக்கு தெரியும். எந்த ஊர் என்று மட்டும் தெரியாது. ஊர் தெரிந்தால் ஓரவஞ்சனை செய்வார்கள் என்று மேலிடத்துக்குப் பயம். தூதருக்கு அந்தத் தகவல் தேவையும் இல்லை.

"குரல் வந்தா போதும்க்கா. ஊரைச் சொல்லிடுவேன். எங்க ஊர்க்காரன் ஹலோவுக்கு முன்னாடியே திட்டிடுவான். அது பாசம். உங்க ஊர்க்காரன் லிஃப்ட்டு அறுந்து விழுந்துட்டு இருக்கும்போதும், 'சார், ஒரு நிமிஷம் தொந்தரவு பண்ணலாமா'ம்பான்."

அவன் 'அக்கா' என்றது ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பான பெண்மணியை. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். ஹெட்போனை எப்போதும் ஒரு காதில் மட்டும் மாட்டியிருப்பார். மறு காது அறைக்கு.

"அப்போ இந்த ஊர்ல பாசம் இல்லங்கற?"

"இருக்குக்கா. மடிச்சு பீரோல வெச்சிருக்கீங்க."

பக்கத்து நாற்காலியில் மழைக்கும் வெயிலுக்கும் மப்ளரைக் கழற்றாத ஒருவன் உண்டு. மப்ளர் என்றே அவனுக்குப் பெயர். அவன் சிரித்தால் அன்றைய விவாதத்தில் தூதர் வென்றுவிட்டதாகக் கணக்கு.

ஆபத்தில் அழுத்துகிறவர்கள் குறைவு. பையால் இடிக்கிறவர்கள், முதுகால் சாய்கிறவர்கள், பிள்ளையைத் தூக்கி 'இது என்ன நம்பர் சொல்லு' என்று பாடம் நடத்துகிறவர்கள், இவர்கள்தான் அதிகம். அப்புறம் இன்னொரு ரகம். வெளியே மழை விட்டுவிட்டதா என்று கேட்பார்கள். மணி என்ன என்று கேட்பார்கள். ஒன்றுமே கேட்காமல், "ஒண்ணுமில்ல, சும்மா வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பார்கள். ஆபத்து இல்லாத ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும் திரையில் இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்: 'தவறுதலாக' அல்லது 'வீண்'. அக்கா எல்லோருக்கும் 'தவறுதலாக'வே தொடுவார்.

"பேச ஆள் இல்லாம பொட்டியோட பேசறாங்கக்கா," என்பான் தூதர். "எங்க ஊர்ல லிஃப்ட்டே வாய் விட்டுப் பேசினாலும், 'இரு, நான் முடிச்சிக்கறேன்'னுவாங்க."

இந்த ரகத்தின் தலைவர் ஒருவர் உண்டு. சாயங்காலம் டீ வரும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் விளக்கு கீழ்த்தளத்திலிருந்து கிளம்பும். ஒன்பதாம் மாடியில் நிற்கும். உடனே மணி.

"சாரி சார். தெரியாம கை பட்டுடுச்சு."

"பரவால்ல சார்."

"பட்டன் துருப்பிடிச்சிருக்கு சார். தொட்டா ஒட்டிக்குது."

"சரிங்க சார்."

"சாப்டீங்களா சார்?"

சாயங்காலம் ஆறரைக்கு எந்த வேளைச் சாப்பாடு என்று தூதருக்குப் புரிந்ததில்லை. ஆனாலும் "ஆச்சு சார்" என்பான். கதவு மூடப் பார்க்கும், அவர் காலை வைத்துத் தடுப்பார் போல, டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். இந்தத் தெரியாமல் பட்ட கை தினமும் தெரியாமல் பட்டது. மப்ளர் அவருக்குக் 'கைபட்டவர்' என்று பெயர் வைத்தான்.

"இந்த ஊர்க்காரர்தான்," என்று தூதர் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டான். "மூச்சுக்கு மூணு சார் போடறாரே. எங்க ஊர்ல இந்நேரம் 'தம்பி'யாகி, 'டேய்' ஆகி, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாரு."

கைபட்டவர் செருப்புக் கடையில் விற்பனையாளர் என்பது ஒரு நாள் தெரிந்தது. "நாள் முழுக்கக் கால்களோடதான் சார் பேச்சு. ஆறு போடுங்க, ஏழு போடுங்க, விரல் இடிக்குதா... அண்ணாந்து பாக்கறதுக்குள்ள ஆள் போயிடறாங்க. மூஞ்சி ஞாபகம் இருக்காது சார், கால் ஞாபகம் இருக்கும்." தூதருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டான். பிறகு அக்கா பார்க்கிறார் என்று அதை இருமலாக மாற்றினான்.

தூதரின் வீடு என்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. இஸ்திரிச் சூடு தரையில் ஏறும்; குளிர்காலத்தில் அது ஒரு வசதி. வீட்டுக்காரர் கீழேயே இருந்தாலும் அவரோடு பழக்கமெல்லாம் அட்டையில்தான். 'மாடி விளக்கை அணைக்கவும்' என்று ஒன்று. 'குழாயைச் சரியாக மூடவும்' என்று இன்னொன்று. ஒரு வாரம் அவன் இரண்டையும் ஒழுங்காகச் செய்தபோது அட்டையே வரவில்லை. கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. மறுநாள் விளக்கை அணைக்காமல் போனான்.

விடுமுறை நாட்களில் அவன் வாய் திறப்பது பல் தேய்க்க மட்டும். அதனால் வீட்டுக்குப் போன் செய்வான். அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள், தவிர எப்போதும் யாராவது நாலு பேர். அவன் ஊரின் பெருமைக்கு அவன் வீடே சாட்சி.

"அம்மா, ரெண்டு நாளா ஜுரம்."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"என்னது? சத்தமா சொல்லு... ஏய், அந்தக் கதவைச் சாத்துங்கடி! ஆளுங்க வந்திருக்காங்கடா, ஒரே சத்தம். இரு, அண்ணிகிட்ட தரேன்."

அண்ணி வாங்கி, "என்ன கொழுந்தனாரே, குளிர் எல்லாம் எப்படி? உங்க ரூம்ல பசங்க படிக்கறாங்க, உங்க கட்டிலைப் பிரிச்சு மேல போட்டாச்சு, கோச்சுக்காதீங்க. அப்புறம் கூப்பிடறோம்," என்று வைத்துவிட்டாள்.

அந்த 'அப்புறம்' வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, ஜுரம் விட்ட பிறகும் வரவில்லை. ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இவனுக்கு எப்படி இடம் விடுவார்கள்? அது ஊரின் குறை அல்ல, நெரிசல். அப்படித்தான் அவன் தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான். இஸ்திரிப் பெட்டி கீழே மூச்சு விட்டது.

ஜுரம் விட்டு வேலைக்குத் திரும்பிய சாயங்காலம் டீ வந்தது. பச்சை விளக்கு ஒன்பதுக்கு ஏறியது. மணி.

"சாரி சார், தெரியாம... அட, நீங்களா! ரெண்டு நாளா வேற குரல் வந்துச்சே சார். உடம்புக்கு என்ன?"

தூதர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"லேசா ஜுரம் சார்."

"வெந்நீர் குடிங்க சார். காத்தாடிக்கு நேரா படுக்காதீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா பாத்துக்க?"

"இருக்காங்க சார்."

"அதானே. இருப்பாங்க, இருப்பாங்க. வைக்கட்டுமா சார்?"

தூதர் நிமிர்ந்தபோது அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளும் உன்னைத்தான் கேட்டாரு தம்பி. 'அந்த சார் இல்லையா, அந்த சார் இல்லையா'ன்னு. நான் பேசினா பிடிக்கல மனுஷனுக்கு."

மப்ளர் நாற்காலியைச் சுழற்றினான். "விடுங்கக்கா. எட்டு மாசத்துல தூதருக்கு நம்ம ஊர்ல ஒரு சொந்தம் கிடைச்சாச்சு. இனி அங்க போய் என்ன பண்ணப்போறாரு?"

அறை முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்புதான், விஷம் இல்லை. ஆனால் தூதருக்குக் காதுமடல் சூடானது. அவன் உடம்பை விசாரிக்க இந்த ஊர்க்காரன் யார்? தலையணைக்கு அடியில் போன் சும்மா கிடந்த இரண்டு நாளும் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. திரையில் இரண்டு கட்டங்கள் காத்திருந்தன. அவன் 'வீண்' என்பதைத் தொட்டான்.

"என்ன தம்பி அது?" என்றார் அக்கா.

"உண்மையைத்தானேக்கா போட்டேன்? இந்த ஊர்ல இது எத்தனை நடக்குதுன்னு மேலிடத்துக்கும் தெரியட்டும்."

மறுநாளும் தொட்டான். அதற்கு மறுநாளும். ஒரே லிஃப்ட்டிலிருந்து 'வீண்' அடிக்கடி வந்தால், ஆள் தலையிடாமல் கம்ப்யூட்டரே ஓர் உத்தரவு போடும். பொத்தான் மேல் கண்ணாடி மூடி மாட்டி, 'ஆபத்தில் மட்டும் உடைக்கவும்' என்று எழுதிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு அதை எடுக்க முடியாது. இது தூதருக்குத் தெரியும். நேர்முகத் தேர்விலேயே இந்தக் கேள்வி கேட்டிருந்தார்கள். சரியாகச் சொல்லி மதிப்பெண் வாங்கியிருந்தான்.

ஒரு மத்தியானம் அவன் போன் அடித்தது. கடலோரத்தில் அவனோடு முன்பு வேலை பார்த்த மெக்கானிக், அதே தெருக்காரர், ஸ்பேனர் அண்ணன். எட்டு மாதத்தில் அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. தூதர் எழுந்து ஜன்னலுக்குப் போய், மப்ளருக்கும் கேட்கும்படி, "சொல்லுங்கண்ணே!" என்றான்.

"டேய், நம்ம தெருவுக்குப் பின்னாடி மஞ்சக் கட்டடம் ஒண்ணு இருக்குல்ல, நீங்க பந்து அடிச்சுக் கண்ணாடி உடைப்பீங்களே..."

"ஆமாண்ணே."

"அங்க லிஃப்ட்டுக்கு மூடி போடச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. எவனோ தினமும் வேலை வெட்டி இல்லாம பட்டனை அமுக்கி அரட்டை அடிக்கறானாம்டா. நம்ம ஊர்ல! எனக்கே வெக்கமா போச்சு."

தூதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எத்தனாவது... அண்ணே, அந்தப் பட்டன் துருப்பிடிச்சிருந்துச்சா?"

"துருவா? முழுங்கி வெச்சிருக்கு. உப்புக் காத்துல எதுடா துருப்பிடிக்கல, இங்க? உன் சைக்கிளைப் போன வாரம்தான் உங்கண்ணன் எடைக்குப் போட்டாரு."

"மூடி போட வேணாம்ணே. இருங்க, நான் பேசிக்கறேன்..."

"போட்டுட்டு இறங்கித்தாண்டா பேசறேன். நீதான் அந்த ரூம்ல இருக்கியே, அமுக்கறது எவன்னு தெரியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். சரி விடு, அடுத்த வேலைக்குக் கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்."

தூதர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தான். துரு. தினமும் சொன்னாரே மனிதர். வீட்டு இரும்பு கேட்டின் துருவை உள்ளங்கையில் அப்பிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் அவன். சாவி துரு, ஜன்னல் கொக்கி துரு, சைக்கிள் துரு. இந்த ஊரில் எட்டு மாதமாக வாளிக் கைப்பிடி கூட வாங்கியது போலவே பளபளக்கிறது. அதையும் ஒரு குறையாக அவன் சொல்லியிருக்கிறான்: "இந்த ஊர்ல எதுவும் பழகி உரசறதே இல்லக்கா, துரு கூடப் பிடிக்காது." குரலை வைத்து ஊர் சொல்கிறவனுக்கு, சொன்ன விஷயம் காதில் ஏறவில்லை. 'சார்' மட்டும் ஏறியிருக்கிறது. நாளெல்லாம் குனிந்து செருப்பு மாட்டுகிறவர் சார் போடாமல் வேறு என்ன போடுவார்?

மஞ்சள் கட்டடம். அதன் சுவரில் குச்சியால் உரசிக்கொண்டே போவான் சின்ன வயதில். சுற்றி ஏழு தெருவில் தனக்குத் தெரியாத முகம் இல்லை என்று போன வாரம்கூடச் சொன்னான். ஒன்பதாம் மாடியை அவன் அண்ணாந்து பார்த்ததில்லை.

"அக்கா, அந்த மூடியை எடுக்க வழி இருக்கா?"

"எந்த மூடி?"

"கைபட்டவருது."

"ஆறு மாசம் ஆகும் தம்பி. ஏன், இந்த ஊர்க்காரர்தானே? உனக்கென்ன?"

தூதர் மேஜையைப் பார்த்தான். அதில் பார்க்க எதுவும் இல்லை.

"எங்க ஊர்க்காரர்க்கா. எங்க தெருவுக்குப் பின் தெரு."

அக்கா சிரிப்பார் என்று பார்த்தான். மப்ளராவது சிரிப்பான் என்று பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டு மாதத்தில் இந்த ஊர் அவனுக்குச் செய்த மிகப் பெரிய கொடுமை அதுதான். மப்ளர் மட்டும் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தினான்.

அன்று சாயங்காலம் பச்சை விளக்கு கீழ்த்தளத்திலிருந்து கிளம்பியது. ஒன்பதில் நின்றது. மணி அடிக்கவில்லை. வழக்கத்தைவிட நெடுநேரம் விளக்கு ஒன்பதிலேயே இருந்தது. பிறகு காலியாக இறங்கிப் போனது.

மறுநாளும் அப்படித்தான். கண்ணாடியை உடைக்கிற ஆள் இல்லை அவர். உடைக்க ஆபத்து வேண்டும். அவருக்கு வந்திருந்தது ஆபத்து என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

அறையிலிருந்தும் லிஃப்ட்டைக் கூப்பிடலாம். மாட்டிக்கொண்டவர் மயங்கிவிட்டால் குரல் கொடுக்க ஒரு வசதி உண்டு. காரணம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று பயிற்சியில் இரண்டு முறை சொல்வார்கள். மூன்றாம் நாள் விளக்கு கிளம்பியதும் தூதர் அதைத் தொட்டான். அவசரத்தில் நாலாம் மாடியிலேயே தொட்டுவிட்டான்.

"ஐயையோ!" என்று ஒரு பெண் குரல். "லிஃப்ட்டு பேசுது! யாருடா அது?"

"பயப்படாதீங்கம்மா, சும்மா டெஸ்ட்டு..."

"டெஸ்ட்டாம் டெஸ்ட்டு! உனக்கு அக்கா தங்கச்சி இல்ல? வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன் இரு!" கதவு திறந்து மூடும் சத்தம். முன்பின் தெரியாதவரோடும் மனம் விட்டுப் பேசும் ஊர் என்று அவன் சொன்னது பொய்யில்லை.

அவன் காத்திருந்தான். டீ ஆறி ஆடை படிந்தது. விளக்கு திரும்பக் கீழே போய், நின்று, ஏறியது. மூன்று, நாலு, ஐந்து என்று எங்கும் நிற்கவில்லை. ஒன்பது. டங். கதவுக்குக் கால் கொடுக்கும் சத்தம் இந்தத் தடவை மணி அடிக்காமலே கேட்டது. ஏனென்றால் அவன் விரல் ஏற்கெனவே கூப்பிடும் பொத்தானைத் தொட்டிருந்தது.

இரைச்சல். மூச்சு விடும் சத்தம். செருப்பை உரசுகிற சத்தம்.

"யாரு?" என்றது அந்தக் குரல், மெதுவாக.

தூதர் நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தான். நான்தான் மூடி போட வைத்தேன் என்பது அதில் ஒன்று. மஞ்சள் கட்டடத்தின் சுவர் எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று. வாயில் வந்தது வேறு.

"சாரி சார்," என்றான். "கன்ட்ரோல் ரூம்ல இருந்து பேசறேன். தெரியாம கை பட்டுடுச்சு."

அந்தப் பக்கம் செருப்பு மறுபடி ஒரு தடவை உரசியது.

"பரவால்ல சார்," என்றார் கைபட்டவர். "அங்கயும் பட்டன் துருவா?"

ஜன்னலுக்கு வெளியே மேட்டு ஊரின் வறண்ட குளிர்காற்று. மேஜை மேல் இருந்த இரும்புப் பேனாக் கூடு கண்ணாடி போல மின்னியது.

"ஆமா சார். பயங்கரத் துரு. தொட்டா ஒட்டிக்குது."

"பாத்து சார். கை கிழிச்சிடும்."

அக்கா தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஒரு காதில் மட்டும் இருந்த ஹெட்போனை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டார்.

தூதர் குரலைத் தாழ்த்தினான்.

"சாப்டீங்களா சார்?"